கால் எழும்பவில்லை: டாக்டர் மேரி வர்கீஸும் ‘கிருபை’ என்ற வார்த்தையும்

இன்னைக்கு எபிசோடு ஒரு வார்த்தையைப் பத்தி. கிருபை. எங்க பக்கத்துச் சர்ச்சுகள்ல வாரம் தவறாம காதுல விழுறது. வேலை கிடைச்சா கிருபை, விசா வந்தா கிருபை, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்தா அதுவும் கிருபை. சரி, கேட்டது கிடைக்காதவங்களுக்கு? அவங்க விசுவாசம் பத்தலையா?

இந்தக் கேள்வியோட வேலூர் சி.எம்.சி. வரலாற்றைப் படிச்சா, வந்து நிக்கிற பேர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-ல கேரளத்துல பிறந்தவங்க. சி.எம்.சி.யில படிச்சு அங்கேயே டாக்டரா இருந்தாங்க. 1954 ஜனவரியில, நண்பர்களோட போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழ உணர்வு போச்சு. வயசு 28. (எனக்கும் இப்போ அதே வயசுதான். அதனாலயோ என்னமோ, அந்தப் பக்கத்தைத் தாண்ட நேரமாச்சு.) அது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அவங்களுக்காக ஜெபம் பண்ண ஆளுக்கா பஞ்சம்? ஆனா கால் எழும்பல.

அதே ஆஸ்பத்திரியில டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். 1946-ல இந்தியா வந்தவர். அன்னைய வட ஆற்காடு மாவட்டத்துல தொழுநோய் ரொம்ப அதிகம். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுதுன்னு ஊரே நம்பிட்டு இருந்தது. நரம்பு செத்துப்போறதால சூடும் தெரியாது, வெட்டுக்காயமும் தெரியாது, அப்படித்தான் விரல் போகுதுன்னு எடுத்துக் காட்டினவர்கள்ல பிராண்ட் முக்கியமானவர். மடங்கிப்போன விரல்களுக்கு அவர் செய்த ஆபரேஷன் எங்க ஐ.டி. பாஷையில சொன்னா ரீ-ரூட்டிங். நல்லா வேலை செய்யுற ஒரு தசையோட தசைநாரைத் திருப்பிக் கொண்டுபோய், செயலிழந்த விரல்ல இணைக்கணும். மூளைக்குப் பழைய பாதைதான் தெரியும். அதனால ஆபரேஷனுக்கு அப்புறம் வாரக்கணக்குல கைக்குப் பயிற்சி கொடுக்கணும்.

இந்த ஆபரேஷனை உட்கார்ந்துகிட்டே செய்யலாம். பிராண்ட் அதைத்தான் மேரி வர்கீஸ்கிட்ட சொன்னார். சக்கர நாற்காலியிலேயே ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனாங்க. நோயாளிக்குக் கையில உணர்வு இல்லை, டாக்டருக்குக் கால்ல உணர்வு இல்லை. அந்த நோயாளி அவங்களைப் பார்த்து என்ன நினைச்சிருப்பார்னு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன்.

இதை ‘தன்னம்பிக்கைக் கதை’யா சொல்லிட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு இல்லை. டோரதி கிளார்க் வில்சன் எழுதின அவங்க வாழ்க்கை வரலாற்றோட தலைப்பு ‘டேக் மை ஹேண்ட்ஸ்’. என் கைகளை எடுத்துக்கொள்ளும்னு அர்த்தம். கேட்டது காலை, கொடுத்தது கையை. பைபிள்ல பவுலும் தன் உடம்புல இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூணு தடவை வேண்டினார். முள் போகல. கிருபைங்கிற வார்த்தை அங்கதான், அந்த மறுப்புக்குப் பதிலாத்தான் வருது. விசுவாசத்தைப் போட்டா கிருபை வர்ற ஏ.டி.எம். மாதிரி பேசுறவங்க இந்த இடத்தை எப்படிப் படிக்கிறாங்கன்னு எனக்குப் புரியல. கணக்குப் பார்த்துக் கொடுத்தா அதுக்குப் பேர் சம்பளம்.

மீதியைச் சுருக்கமா சொல்லிடுறேன். ஆஸ்திரேலியாவுல பெர்த்லயும், நியூயார்க்ல டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கோட நிலையத்துலயும் மறுவாழ்வு மருத்துவம் படிச்சாங்க. 1963-ல சி.எம்.சி.யில அந்தத் துறைக்குத் தலைவர். 1966-ல மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல பத்மஸ்ரீ. 1986-ல காலமானாங்க.

அந்த நிலையம் இன்னைக்கும் பாகாயத்துல அவங்க பேர்லயே நடக்குது. மரத்துல இருந்து விழுந்தவங்க, பைக் விபத்துல முதுகு உடைஞ்சவங்க அங்க வர்றாங்க. படுக்கையில இருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறி உட்கார முதல்ல கத்துக்கிறாங்க.