வணிக இதழ்கள் எண்ண மறுக்கும் ஒன்று

பெருநிறுவனத் தலைமை அதிகாரிகளுக்கென நடத்தப்படும் இதழ்களின் முன்னோடி, ஹென்றி லூஸ் 1930இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஃபார்ச்சூன்'. ஒரு பிரதியின் விலை ஒரு டாலர். அன்றைக்கு அது பெருந்தொகை; யார் படிக்க வேண்டும் என்பதை விலையே தீர்மானித்துவிட்டது. இந்தியாவில் 'பிசினஸ் இந்தியா' 1978இலும், 'பிசினஸ் வேர்ல்டு' 1981இலும், 'பிசினஸ் டுடே' 1992இலும் தோன்றின. 'ஃபோர்ப்ஸ்', 'ஃபார்ச்சூன்' ஆகியவற்றின் இந்தியப் பதிப்புகள் பின்னர் வந்தன.

இவ்விதழ்கள் தரவரிசைப் பட்டியல்களால் வாழ்பவை. விற்றுமுதல், இலாபம், சொத்து மதிப்பு, ஆற்றல்மிக்க பெண்கள் என அனைத்தும் எண்ணப்படுகின்றன. அமெரிக்க 'ஃபார்ச்சூன்' தன் 500 நிறுவனங்களில் கறுப்பினத் தலைவர்கள் எத்தனை பேர் என்றும் எழுதுகிறது. இங்கோ சாதிக்கு அத்தகைய பட்டியல் கிடையாது.

அந்தக் கணக்கை எடுத்தவர்கள் கல்விப்புல ஆய்வாளர்களே. அஜித், டாங்கர், சக்சேனா ஆகிய மூவரும் 1,000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து, 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வெளியிட்டனர். இயக்குநர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான். இதை 'தகுதி' என்று அழைப்பவர்களும் உண்டு! இதழியலின் நிலையும் வேறல்ல. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 12 இதழ்களின் 972 அட்டைப்படக் கட்டுரைகளுள் சாதி குறித்தவை 10 மட்டுமே.

சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. அரசமைப்பின் 16(4) பிரிவு அரசுப் பணிகளுக்கே பொருந்தும். ஆயக்குடியின் இலவசப் பயிற்சி மையத்தில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தலித் மாணவருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதனுள் அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. அதே மாணவர் தனியார் நிறுவன வாயிலில் நிற்கும்போது இவற்றுள் எதுவும் செல்லாது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 149ஆவது பிரிவு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநரேனும் இருக்க வேண்டும் என்கிறது; சாதி பற்றி அது பேசவில்லை. பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி, 2022-23 முதல் முன்னணி 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய பொறுப்புடைமை அறிக்கையிலும், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கை கேட்கப்படுகிறது. ஊழியர்களின் சாதிவாரி எண்ணிக்கை கேட்கப்படுவதில்லை. அறிக்கையில் இல்லாத எண், இதழின் பட்டியலுக்கும் வருவதில்லை.

தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் நிறுவனத்திடம் நேரடியாக மனுச் செய்ய இயலாது. ஆனால் அந்த அறிக்கைப் படிவத்தை வகுப்பது செபி. செபியோ அச்சட்டத்துக்கு உட்பட்ட பொது அதிகார அமைப்பு. சாதிவாரிக் கணக்கு ஏன் கோரப்படவில்லை என்பது குறித்த கோப்புக் குறிப்புகளை, பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த மாணவரும் கேட்கலாம்.