பன்னிரண்டாம் நம்பர் மாடுலேட்டர்

கார் ரேஸ் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் பத்து நிமிஷம் ஓட்டுநர்களைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கப்புறம் டிவிக்காரனைத் திட்ட ஆரம்பிப்பார்கள். பின்னால் நடந்த சண்டையை விட்டுவிட்டு முன்னால் தனியாகப் போகிறவனையே காட்டினான், நல்ல கட்டத்தில் டயர் விளம்பரம் போட்டான், கிரிக்கெட் முடியவில்லை என்று ரேஸைப் பாதியிலிருந்து கொடுத்தான். இந்தத் திட்டெல்லாம் உண்மையில் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ தெரியாது. பம்பாய் வடாலாவில் இருபது வருஷம் அதை வாங்கிக்கொண்டவன் நான். கேபிள் நடத்தினேன்.

அப்பாவுக்குப் போர்ட் டிரஸ்டில் வேலை, திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். என்னை மட்டும் சென்னையில் சித்தப்பா வீட்டில் விட்டு ரேடியோ, டிவி மெக்கானிக் படிக்க வைத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். சித்தப்பா ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை என்னைச் சோழவரம் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுபாதை அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்திவந்தது. புளிச்சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஃபியட், ஹெரால்ட், புதிதாக வந்த சிபானி டால்ஃபின் எல்லாம் ஓடின. விஜய் மல்லையா தன் என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டிய காலம் அது. என் கண்ணில் பட்டது நேர்ப்பாதையின் ஒரு துண்டுதான். வண்டி வந்தது, போயிற்று, தூசி. ஆனால் காதுக்கு முழு ரேஸும் கிடைத்தது. தூரத்து வளைவில் எவன் கியரைச் சீக்கிரம் இறக்கினான் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார் சித்தப்பா. பிற்பாடு எத்தனை பெரிய டிவி வந்தும் அந்தச் சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் கேட்கும்.

வடாலா திரும்பியதும் டிவி ரிப்பேர் கடை போட்டேன். அப்போது பம்பாயில் கேபிள் என்றால் வீடியோ. ஒரு விசிஆர், நாலு பில்டிங், மொட்டைமாடி மேல் வயர். ராத்திரி ஒரு தமிழ்ப்படம், ஒரு ஹிந்திப்படம். தாராவிக்கும் கோலிவாடாவுக்கும் இடையே அப்படி நூறு பேர் பிழைத்தார்கள். 1991-இல் வளைகுடாப் போரும் அதன் பின்னாலேயே ஸ்டார் டிவியும் வந்தபோது, மனைவியின் வளையலை அடகு வைத்து டிஷ் வாங்கினேன். ஆசியாசாட் செயற்கைக்கோள் பக்கம் திருப்பினால் நாலைந்து சேனல் விழும். அதில் ஒன்று பிரைம் ஸ்போர்ட்ஸ். ஃபார்முலா ஒன் வடாலாவுக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

இங்கே மாடுலேட்டர் என்ற பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிஷ்ஷிலிருந்து வரும் ஒரு சேனலை வயரில் ஒரு அலைவரிசையில் ஏற்றுவது அதன் வேலை. எத்தனை மாடுலேட்டரோ அத்தனை சேனல். என்னிடம் பன்னிரண்டு இருந்தன. ஆன்டாப் ஹில் பக்கத்து வீடுகளில் இருந்த பழைய டிவிக்களுக்கு அதற்கு மேல் பிடிக்கவும் தெரியாது. எஸ் பேண்டில் போட்டால் புது கலர் டிவி வைத்திருப்பவன் மட்டும் பார்ப்பான். 1993 தமிழ்ப் புத்தாண்டுக்குச் சன் டிவி வந்ததும் அதற்கு வேறு செயற்கைக்கோள், தனி டிஷ், ஒரு மாடுலேட்டர். பதினொன்றில் நிரந்தரமாகச் சேனல்கள் உட்கார்ந்துவிட்டன. பன்னிரண்டாவதை மட்டும் சமயத்துக்குத் தகுந்தபடி மாற்றுவேன். படம், கிரிக்கெட், ரேஸ், யார் சத்தம் பெரிதோ அது. ஐரோப்பாவில் மதியம் இரண்டு மணி ரேஸ் இங்கே கோடைக்காலத்தில் மாலை ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு ஒரு பில்டிங்கில் முப்பது வீடு இருந்தால் இருபத்தொன்பது வீட்டுக்கு வேறு ஆசை இருக்கும்.

மிச்சமிருந்த அந்த ஒரு வீடு என் கணக்கில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்தில் ஒரு பார்சி பெரியவருடையது. கீழே துணி போர்த்திய பிரீமியர் பத்மினி, மேலே ஈஸிசேர். ஞாயிறு நாலு மணிக்கே போன் வந்துவிடும். “டிக்ரா, இன்றைக்கு ரேஸ். மறந்துவிடாதே.”

1994 மே 1, மகாராஷ்டிரா தினம், ஞாயிறு. இமோலா ரேஸைப் பன்னிரண்டில் போட்டிருந்தேன். ஏழாவது சுற்றில் அயர்டன் சென்னாவின் கார் டாம்புரெல்லோ வளைவில் சுவரில் மோதியது. முந்தின நாள்தான் ராட்சன்பெர்கர் என்ற ஓட்டுநர் அதே தடத்தில் மோதி இறந்திருந்தார். ரேஸ் நின்றது. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம் அசையாமல் நிற்கிறது. போர்ட் டிரஸ்ட் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு அண்ணாச்சி கடைக்கே வந்துவிட்டார். “என்னல தம்பி, கார் நிக்குது, நாங்க அதைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? படத்தைப் போடு.” போட்டேன். ஆறரை வாக்கில் ரேஸ் மறுபடி தொடங்கியிருக்கிறது. வடாலாவில் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பார்சி பெரியவர் கைத்தடியோடு கடை வாசலில் வந்து நின்றார். ராத்திரி பிபிசி வானொலியில் கேட்டாராம். “அவன் போய்விட்டான். நீ எனக்குச் சினிமாப் பாட்டுக் காட்டினாய்” என்றார். அவ்வளவுதான். அந்த மாதச் சந்தாவை நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தனுப்பினார்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தத் தொழில் புரிந்தது. ரேஸ் நடப்பது ஒரு இடம், ஸ்விட்ச் ஒருவன் கையில். அந்த ஸ்விட்சுக்கு மேலே இன்னொருவன். அந்த நாட்களில் ரேஸ் நடக்கும் நாட்டின் டிவி நிறுவனம்தான் பெரும்பாலும் படம் எடுக்கும்; எந்தக் காமிராவைக் காட்டுவது என்று வேனுக்குள் ஒருவர் முடிவு செய்வார்; அதுதான் உலகம் முழுக்க. ஜப்பான் ரேஸ் என்றால் ஃபூஜி டிவி தன் நாட்டு ஓட்டுநர்களை விடாமல் துரத்தும். அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான், 2005-இல் கட்சி மாறினேன்.

அந்த வருஷம் மார்ச் 6 காலை எட்டரை மணிக்கு மெல்போர்னில் நாராயண் கார்த்திகேயன் மஞ்சள் ஜோர்டான் காரில் உட்கார்ந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை. அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டியவர். எண்பதுகளின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய கரிவரதனும் கோயம்புத்தூர்தான். நாராயண்தான் ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர். அன்றைக்கு எனக்கு யாரும் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாவது இடத்தில் கிளம்பி, பதினைந்தாவதாக முடித்தார். வாட்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்: கிளம்பும்போது கூட்டத்தில் ஒரு மஞ்சள் பொட்டு, அப்புறம் முன்னணிக் கார் அவரை ஒரு சுற்று மடக்கும்போது இரண்டு நொடி. காமிரா முந்துகிறவனோடு போய்விடும். முந்தப்பட்டவன் மூலையில் கரைந்துபோவான். சோழவரத்தில் அப்படி இல்லை. கடைசியில் வருகிறவனும் நம் எதிரேதான் போவான், அவனுக்கும் கைதட்டுவோம்.

ஜூன் 19, இண்டியானாபோலிஸ். நம் நேரம் ராத்திரி பதினொன்றரை. மிஷெலின் டயர் அந்தச் சரிவான வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால் பதினான்கு கார்கள் ஒரு சுற்று வந்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு. போன் அடித்தது. “தம்பி, பாதி கார் வரலை. உன் டிஷ்ஷைப் பாரு.” அடுத்து இன்னொரு போன், அதே கேள்வி. ஆறு கார் ஓடும் ரேஸிலும் ஃபெராரி இரண்டையும்தான் காட்டினார்கள், அது வேறு விஷயம். நாராயண் நாலாவது, ஐந்து புள்ளிகள். அதை நான் விசிஆரில் பதிவு செய்தேன்.

அடுத்த மாதம் 26-ஆம் தேதி மழை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். என் லைன் ஆம்ப்ளிஃபயர்கள் பாதி முழுகின. 31-ஆம் தேதி ஹங்கேரி ரேஸ். எவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அப்புறம் கதை வேகமாகப் போகிறது. 2011 அக்டோபர் 30-இல் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் முதல் ரேஸ் நடந்தது. முதல் பயிற்சி நாளில் தெருநாய் ஒன்று தடத்துக்குள் வந்து ஓட்டத்தை நிறுத்தியது; அதற்குக் கிடைத்த காமிரா நேரம் எங்கள் ஆள் நாராயணுக்குக் கிடைத்திருக்காது என்பேன். நம் மண்ணில் நடந்த ரேஸுக்கும் படம் எடுத்தது ஃபார்முலா ஒன்னின் லண்டன் நிர்வாகம்தான். மறு வருஷம் இந்திய ரேஸ் அக்டோபர் 28. மூன்று நாள் கழித்து, 31 நள்ளிரவோடு, மும்பையில் அனலாக் கேபிள் முடிந்தது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ். ஆக என் மாடுலேட்டர் கடைசியாக வடாலாவுக்குக் காட்டிய ரேஸ் இந்தியாவில் நடந்த ரேஸ், அதில் நாராயணும் ஓடினார். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்ய முடியாது. அதற்கப்புறம் ஸ்விட்ச் பெரிய கம்பெனிகளின் கைக்குப் போனது. நான் பணம் வசூலிப்பவன் ஆனேன், பிறகு அதுவும் இல்லை.

2023-இலிருந்து ஃபார்முலா ஒன் இங்கே எந்த டிவி சேனலிலும் இல்லாமல் போயிற்று; முதலில் அவர்களுடைய சொந்த ஆப், 2024-இல் ஃபேன்கோட். பேரன் போனில் எந்தக் காரின் காமிரா வேண்டுமோ அதைத் தட்டிப் பார்க்கிறான். ஆனாலும் திட்டுகிறான். 2021 மொனாக்கோவில் வெட்டல், காஸ்லி, ஹாமில்டன் மூவரும் போட்டிபோட்டுக்கொண்டிருந்த வேளையில் லான்ஸ் ஸ்ட்ரோல் ஓரத்தை உரசியதைத் திருப்பிக் காட்டினார்களே, அந்தக் கதையை இன்னும் சொல்கிறான். மொனாக்கோவில் மட்டும் 2022 வரை உள்ளூர்க்காரர்கள்தான் படம் எடுத்தார்கள். அந்த வேனில் உட்கார்ந்திருந்தவர் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. எனக்கும் ஒரு இமோலா இருக்கிறது.

பன்னிரண்டாம் நம்பர் மாடுலேட்டர் பரணில் கிடக்கிறது. ஆறு கார் ரேஸ் கேசட்டைச் சென்ற மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தேன். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றிவிட்டேன், நாராயண் கோட்டைத் தாண்டும் இடம் தப்பித்தது. சோழவரத்தில் எண்பதுகளில் யாராவது வீடியோ காமிரா தூக்கியிருந்தால், வீட்டில் அந்தக் கேசட் இருந்தால், இந்த மழைக்கு முன்னால் வெளியே எடுத்துப் பாருங்கள். படம் போயிருந்தாலும் பரவாயில்லை, சத்தம் இருந்தால் போதும்.