எழுத்து போடும் நேரமும் நாயகனும்: ‘அண்ணாமலை’யும் ‘பாட்ஷா’வும்

தமிழ்த் திரையரங்குகளில் எழுத்து போடும் நேரம் நெடுங்காலம் இருக்கை தேடி அமரும் நேரமாகவே கழிந்தது. ஜெமினியின் கொம்பூதும் இரட்டைச் சிறுவர்களைப் போன்ற நிறுவனச் சின்னங்கள்தாம் கவனத்தைத் திரைக்கு இழுத்தன. ஹாலிவுட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ், ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ (1955) படத்தின் பெயர்ப் பகுதியிலேயே கதையின் மனநிலையைத் தொடங்கிவைத்தார். ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’வுக்கு (1962) மாரிஸ் பைண்டர் அமைத்த துப்பாக்கிக் குழல் காட்சியோ நாயகனை முன்னறிவித்தது. தமிழ் வணிகப் படம் பின்பற்றியது இந்த இரண்டாம் வழியை.

1992 ஜூனில் வெளியான ‘அண்ணாமலை’யில் அது நிகழ்ந்தது. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தொடக்கமே தூண்டுதல் என்று இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா கூறியிருக்கிறார். நீலப் புள்ளிகள் ஒவ்வோர் எழுத்தாகக் கூடி ‘சூப்பர் ஸ்டார்’ என்றாகின்றன. பின் ‘ரஜினி’ என்ற பெயர் பொன்னிறத்தில் எழுகிறது. தேவாவின் இசையில் ‘ஹே’ என்ற முழக்கம் கூடவே வருகிறது. பட்டம் பழையது, 1978-இல் ‘பைரவி’ விளம்பரங்களில் கலைப்புலி தாணு இட்டது. அதைத் திரையில் எழுத்தெழுத்தாகக் கட்டியதே புதுமை. ஒவ்வோர் எழுத்துக்கும் அரங்கம் விசிலடிக்க அவகாசம் கிடைத்தது.

அந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்ததும் கவனிக்கத்தக்கது. உதாரணமாக, பெங்களூரின் ஓசூர் சாலையில் பொம்மசந்திரா தொழிற்பேட்டை போன்ற பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் கலந்து வாழ்கின்றனர். வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் அதை எழுதப் படிக்கக் கற்காதவர் அந்நகரில் பலர். அவர்களுக்கும் இந்தப் பெயர் அட்டை தடையில்லாமல் சென்று சேரும். அதில் ஒளிரும் பெயருக்குரியவரும் அந்நகரப் பேருந்துகளில் நடத்துநராக இருந்தவர்தாம்.

‘அண்ணாமலை’க்கு முந்தைய ஆண்டு வெளியான ரஜினியின் ‘தளபதி’ வேறு விதமாகத் தொடங்கியது. போகியன்று பிள்ளை பெறும் சிறுமி, குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். சந்தோஷ் சிவன் அதைக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்தார். அத்தொடக்கத்தின் துயரம் அந்தக் கதைக்கே உரியது, வேறு படத்துக்கு ஒட்டாது. புள்ளி எழுத்துகளோ எந்த ரஜினி படத்துக்கும் பொருந்தும். அதுவே அவற்றின் வலிமை, குறையும்கூட.

இப்பொதுத்தன்மையைக் கதைக்குப் பயன்படுத்திய படம் ‘பாட்ஷா’ (1995). ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் அடி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, அவன் யாரென்று பிற பாத்திரங்களுக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்து ஆர்ப்பரித்த அரங்கத்துக்கு, அவன் வெறும் மாணிக்கமாக இருக்க முடியாது என்பது முன்பே தெரியும். திரைக்கதை அந்த அறிவைப் பாதிப் படம்வரை அடக்கிவைத்து, பின்னரே அவிழ்க்கிறது. இதே அட்டையை இயந்திரம்போல் ஒட்டிக்கொண்ட பிற படங்களில் அது கைதட்டல் வாங்கியதோடு சரி, தொனியை அமைக்கவில்லை.