தங்கும் இடம் யார் செலவில்?
1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி நெய்வேலி நகரியம் எழுந்தபோது, வீடு வேலையோடு சேர்ந்தே வந்தது. வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள். அலுவலாக வருவோருக்கு விருந்தினர் இல்லம். அதே நகரியத்துக் குடும்பம் மருத்துவத்துக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ சென்னை சென்றால், உறவினர் வீடு இல்லையேல் லாட்ஜ் வாடகைதான். மலிவான இராத்தங்கலைச் சந்தை தானாகத் தந்ததில்லை. இடைவெளியை எவரோ நிரப்பியே வந்திருக்கிறார்கள். தஞ்சைச் சத்திரங்களைக் காக்க 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, அங்கே வழிப்போக்கருக்குச் சோறும், நோயுற்றோருக்கு மருந்தும், கர்ப்பிணிகளுக்குப் பராமரிப்பும் கிடைப்பதை எடுத்துச் சொன்னார். செலவை மானிய நிலங்களின் வருவாய் தாங்கியது. சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே 1888இல் சவளை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரமும் கொடையால் நின்றதே.

சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்ததே என்பார்கள், உண்மைதான். அது அனுமதி முறையின் குற்றம். பொதுச்செலவில் தங்கவைக்கும் ஏற்பாட்டின் குற்றமன்று. லாட்ஜுகள் பெருகிவிட்டனவே என்றும் கேட்கலாம். நான்கு பேருக்கு ஓர் அறை போதாமல் கூடுதல் படுக்கைக்குத் தனிக்கட்டணம் கேட்கும்போது, பெருக்கத்தால் பயனில்லை. ஊழியருக்கு வீடு தருவது நிறுவனத்தின் கடமை என்று நெய்வேலி காட்டியது. மருத்துவமனைக்கும் தேர்வுக்கும் மக்களை வரவழைக்கும் மாநகரம், அவர்கள் இரவு தங்குவதையும் தன் கணக்கில்தான் எழுத வேண்டும்.