முளை சொன்ன கதை – 7: செத்தும் நீண்ட குருத்து

உட்ரெக்டில் 1926-இல், பகலில் ராணுவ சேவையும் இரவில் ஆய்வகமுமாக இருந்த ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனியில் ஊறிய அகர் துண்டை மொட்டைக் குருத்தின் ஒரு பக்கமாக ஏற்றிவைத்தார். துண்டு இருந்த பக்கம் அதிகம் வளர, குருத்து மறுபக்கம் சாய்ந்தது. அந்தப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயர் வந்ததையும் போன வாரம் பார்த்தோம். சரி, உள்ளே போய் அது என்னதான் செய்கிறது?

1934-இல் கலிஃபோர்னியாவின் இளம் ஆய்வாளர் ஜேம்ஸ் பானர் ஒரு துப்பைக் கையில் வைத்திருந்தார். அமிலக் கரைசலில் போட்ட குருத்து வேகமாக நீண்டது. குருத்துக்குள் உப்பு வடிவில் கிடக்கும் ஆக்சினை அமிலம் வீரியமுள்ள வடிவுக்கு மாற்றுகிறது என்றார் அவர். முழுத் தவறு என்று சொல்ல முடியாது. புளிப்பில் ஆக்சின் மின்சுமை இழந்து செல்லுக்குள் எளிதாக நுழையும் என்று 1974-இல் கேம்பிரிட்ஜின் ரூபரியும் ஷெல்ட்ரேக்கும் காட்டினார்கள். (பின்னாளில் நம் குளித்தலைப் பக்கம், சாந்திவனத்தில் தங்கிப் புத்தகம் எழுதிய அதே ஷெல்ட்ரேக்தான். அது வேறு கதை.)

ஆனால் பானர் ஒன்றைக் கேட்கவில்லை. ஆக்சினே இல்லாவிட்டால்?

1970-இல் ரேல், கிளேலண்ட் இருவரும் அதைக் கேட்டார்கள். ஆக்சின் கொடுத்தால் குருத்து வேகம் பிடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். வெறும் அமிலத்துக்கோ ஓரிரு நிமிடம் போதும்! பிஹெச் 3, கிட்டத்தட்டப் புளிக்கரைசல். இவ்வளவு புளிப்பு செடிக்குள் ஏது என்று கேட்கத் தோன்றும். மேலே மெழுகுத் தோல் தடுத்ததால்தான் அவ்வளவு தேவைப்பட்டது. தோலை உரித்தபின் பிஹெச் 5-ஏ போதுமானது. ஆக்சின் பட்ட செல்லே அமிலத்தை வெளியே தள்ளித் தன் சுவரை இளக்கிக்கொள்கிறது என்பதும் தெரியவந்தது. நிழல் பக்கம் ஆக்சின் சேர, அங்கே சுவர் இளகி நீள, முளை வெளிச்சத்தை நோக்கி வளைகிறது.

இத்தோடு விட்டிருக்கலாம். அவர்கள் குருத்தை உறையவைத்து, உருக்கி, உயிர் போன பின் இழுத்துக் கட்டி அமிலத்தில் வைத்தார்கள். பிணம் நீண்டது.

1989-இல் பென்சில்வேனியாவில் டேனியல் காஸ்குரோவ் இதே விளையாட்டை வெள்ளரி முளைச் சுவரில் ஆடினார். உறையவைத்து உருக்கியது நீண்டது. கொதிநீரில் முக்கி எடுத்ததோ, எத்தனை அமிலம் ஊற்றியும் அசையவில்லை.

உறைபனிக்குத் தப்பி, கொதிநீரில் வெந்துபோன அந்த ஆசாமி யார்?

(அடுத்த வாரம் பிடிபடுவார்)