மதுவிலக்கு கொதித்த அடுப்பு

தோட்ட மாநிலத்தின் திராட்சை – 6

1920 ஜனவரி 17. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்த நாள். நியூஜெர்ஸியின் எக் ஹார்பர் நகரில் ரெனோ ஒயின் ஆலையால் இனி ஒரு பாட்டில்கூட வழக்கம்போல் விற்க முடியாது. ஜான் டி அகஸ்டினோ அந்த ஆலையை விலைக்கு வாங்கியதே 1919இல்தான். அவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதுதான் இந்த வாரத்துக்கு நான் வைத்திருந்த கதை. அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தச் சட்டம் எங்கே முளைவிட்டது என்று தெரியாமல் டி அகஸ்டினோவின் சாமர்த்தியத்தைப் படித்தால் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும்.

சபைகள், பெண்கள் சங்கங்கள், சலூன் எதிர்ப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து வாஷிங்டனை வளைத்த வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நான் காட்ட விரும்பும் இடம் வாஷிங்டனில் இல்லை. எக் ஹார்பருக்கு மேற்கே சுமார் 20 மைல் தள்ளி, அதே மணல் பூமியில் இருக்கிறது. ஊர் பெயர் வைன்லாண்ட். திராட்சைக்கென்றே திட்டமிட்டு எழுப்பிய ஊர். அந்தக் காலத்தில் அங்கே மது விற்க முடியாது.

அந்த ஊரை உருவாக்கியவர் சார்லஸ் லாண்டிஸ். பிலடெல்பியாக்காரர், வக்கீல், அப்போது வயது 28. 1861 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் மூண்டு நான்கே மாதம் ஆகியிருந்த நேரத்தில், தெற்கு ஜெர்ஸியின் பைன் காட்டில் சுமார் 20,000 ஏக்கரைப் பேசி முடித்தார். நாடே துப்பாக்கி தூக்கிக்கொண்டிருந்தபோது இவர் சங்கிலி பிடித்து மனை அளந்தார். நடுவே 100 அடி அகலத்தில் ஒரு சாலை போட்டு, அதற்குத் தன் பெயரையே வைத்தார்.

நிலம் வாங்குகிறவருக்கு நிபந்தனைகள் உண்டு. ஒரு வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும். காடு திருத்திப் பயிர் வைக்க வேண்டும். சாலையோரம் நிழல் மரம் நட வேண்டும். மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது. அதனால் யாருக்கும் வேலிச் செலவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சாராயக் கடைக்கு அனுமதி தரலாமா கூடாதா என்பதை ஊரார் வாக்குக்கே விட்டார். ஊரார் வேண்டாம் என்றார்கள். குடிக்காத குடும்பம்தான் காட்டைத் திருத்தும், தவணையை ஒழுங்காகக் கட்டும் என்பது லாண்டிஸின் கணக்கு. அவரைச் சீர்திருத்தவாதி என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அவர் முதலில் ஒரு மனை வியாபாரி.

ஆனாலும் அவர் விரித்த வலையில் அபூர்வமான மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். அடிமைமுறையை எதிர்த்தவர்கள், பெண்ணுரிமைக்காரர்கள், ஆவிகளோடு பேசுகிறவர்கள், பழத்தோட்டப் பைத்தியங்கள். 1868 அதிபர் தேர்தலன்று, வாக்குரிமை இல்லாத 172 பெண்கள் இந்த ஊரில் தனியாக ஒரு பெட்டி வைத்து வாக்களித்தார்கள். அந்த வாக்குகளை அரசு எண்ணவில்லை. அதற்காக அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடவும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பத்திரிகை ஆசிரியர் சும்மா இருப்பாரா?

யூரி கரூத் அப்படிப்பட்டவர்தான். 'வைன்லாண்ட் இண்டிபெண்டண்ட்' என்ற அவருடைய பத்திரிகை, ஊரை உருவாக்கியவரையே வம்புக்கு இழுத்தது. ஊருக்கே தன் பெயரில் சாலை போட்ட மனிதருக்கு இது எப்படிச் சுட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1875 மார்ச்சில் கரூத் எல்லை தாண்டினார். தன் மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சொல்லி அவளை மனநல விடுதிக்கு அனுப்பப் பார்க்கும் ஒரு கணவனைப் பற்றி நையாண்டியாக ஒரு துணுக்கு போட்டார். பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. யாரைச் சொல்கிறார் என்று ஊருக்கே தெரியும். ஒரு பெண்ணின் துயரத்தை நையாண்டிக்குத் தீனியாக்கியது கேவலமான எழுத்து. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மார்ச் 19. லாண்டிஸ் கைத்துப்பாக்கியோடு பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார். கரூத் விலகி ஓடப் பார்த்தார். குண்டு பின்னந்தலையில் பாய்ந்தது. சாராயக் கடையே இல்லாத ஊர், போலீஸ் செலவு சொற்பம் என்று பெருமையடித்த ஊர். அங்கே, ஊரை உருவாக்கியவர் கையாலேயே ரத்தம் சிந்தியது.

கரூத் உடனே சாகவில்லை. தலைக்குள் குண்டோடு மாதக்கணக்கில் போராடினார். கொஞ்சம் தேறுவார், மறுபடி படுப்பார். அக்டோபரில் உயிர் போனது. 1876இல் பிரிட்ஜ்டன் நகரில் லாண்டிஸ் மீது கொலை வழக்கு நடந்தது. சுட்டவர் அவர்தான் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்த நேரத்தில் அவருக்குப் புத்தி தன் வசத்தில் இல்லை என்று வாதாடினார்கள். ஜூரிகள் ஏற்றுக்கொண்டார்கள், விடுதலை. தற்காலிகப் பித்து என்ற வாதம் அமெரிக்க நீதிமன்றங்களில் வென்ற தொடக்க கால வழக்குகளில் இதுவும் ஒன்று. மனைவிக்குப் பித்து என்ற துணுக்கைத் தாங்க முடியாமல் சுட்டவர், தனக்குப் பித்து என்று சொல்லித் தூக்குமேடையிலிருந்து தப்பினார். வழக்கை நடத்திய வக்கீல்களின் திறமையைப் பாராட்டலாம். தீர்ப்பை நியாயம் என்று என்னால் எழுத முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் எதைக் குடிக்கலாம் என்று வரம்பு கட்டத் துணிந்தவருக்குத் தன் கோபத்துக்கு ஒரு வரம்பு கட்டத் தெரியவில்லை.

லாண்டிஸ் ஒயினுக்குச் செய்த ஒரு நன்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1870களில், நியூயார்க்கில் 'லேகோ டி இத்தாலியா' பத்திரிகையை நடத்திவந்த பிரான்செஸ்கோ செக்கி டி கசாலியின் உதவியோடு, இத்தாலியக் குடும்பங்களை வைன்லாண்டின் கிழக்குப் பக்கம் குடியேற்றினார். அவர்கள் கொடி வைத்தார்கள், பழம் பறித்தார்கள், வீட்டிலேயே ஒயின் செய்து சாப்பாட்டோடு குடித்தார்கள். கடைக்குத்தானே தடை, வீட்டுப் பீப்பாய்க்கு இல்லையே. பிற்காலத்தில் தெற்கு ஜெர்ஸியில் ஒயின் மரபு அறுந்துபோகாமல் இருந்ததற்கு இந்தக் குடும்பங்கள் பெரிய காரணம்.

இனி, இந்த ஊரின் உண்மையான நாயகனுக்கு வருவோம். துப்பாக்கிச் சத்தம் கேட்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, யாரும் கவனிக்காத ஒரு சமையலறையில் தன் வேலையை முடித்திருந்தவர் அவர்.

தாமஸ் பிராம்வெல் வெல்ச். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். 19 வயதில் வெஸ்லியன் மெத்தடிஸ்ட் போதகர். குரல் கெட்டுப் பிரசங்கத்தை விட வேண்டிவந்ததும் மருத்துவம் படித்தார். பிறகு பல் மருத்துவத்துக்கு மாறினார். ஆங்கில எழுத்துக்கூட்டலையே சீர்திருத்த வேண்டும் என்று அதற்கும் மெனக்கெட்டவர். வைன்லாண்டில் குடியேறி, பகலில் பல் பிடுங்கினார், ஞாயிற்றுக்கிழமை மெத்தடிஸ்ட் சபையில் திருவிருந்து ஏற்பாடுகளைக் கவனித்தார்.

அங்கேதான் அவரை ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. குடிக்காதே என்று போதிக்கும் சபை, திருவிருந்தில் புளித்த ஒயினைக் கோப்பையில் ஊற்றி நீட்டுகிறது. குடியை விட்டு மீண்டுவந்த ஒருவனுக்கு, கோயிலே அந்த முதல் வாயை ஊட்டினால் அவன் கதி என்ன? மதுவிலக்குப் பேசிய எல்லாருக்கும் தொண்டையில் சிக்கிய கேள்வி இது. இயேசு கானாவூர்க் கல்யாணத்தில் கொடுத்தது என்ன, கடைசி இராப்போஜனத்தில் கோப்பையில் இருந்தது என்ன என்று எதிராளி கேட்டால் பதில் சொல்லத் திணறினார்கள். மற்றவர்கள் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வெல்ச் அடுப்பைப் பற்றவைத்தார்.

பழுத்த திராட்சையின் தோலில் ஈஸ்ட் இருக்கிறது. பழத்தை நசுக்கியதும் அது சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கிவிடும். நசுக்கினால் புளிப்பது இயற்கை. புளிக்காமல் வைப்பதற்குத்தான் வித்தை வேண்டும். அந்த வித்தையின் சாவி பிரான்சிலிருந்து வந்தது. லூயி பாஸ்டர் 1860களில் ஒயினைச் சூடாக்கி, அதைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை அழிக்கலாம் என்று காட்டியிருந்தார். ஒயினைக் காப்பாற்ற பாஸ்டர் கண்டுபிடித்த வழியையே, சாறு ஒயினாக மாறாமல் தடுக்க வெல்ச் எடுத்துக்கொண்டார்.

1869. வீட்டுக் கொடியிலிருந்து சுமார் 40 பவுண்டு பழம். மனைவியும் மகனும் கூட நின்றார்கள். பழத்தைச் சில நிமிடம் வேகவைத்து, துணிப்பையில் போட்டுப் பிழிந்து, சாற்றைப் பாட்டிலில் நிரப்பி, தக்கை அடைத்து அரக்கு பூசி, பாட்டில்களைக் கொதிநீரில் இறக்கினார்கள். நாள்கள் போயின, வாரங்கள் போயின. ஒரு பாட்டிலும் பொங்கவில்லை. 'டாக்டர் வெல்ச்சின் புளிக்காத ஒயின்' என்று பெயர் வைத்துச் சபைகளுக்கு விற்கப் புறப்பட்டார்.

பழம் எது என்பதையும் சொல்லியாக வேண்டும். கான்கார்ட். மாசசூசெட்ஸில் எப்ரெயிம் புல் என்பவர் ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, கழித்து, 1849இல் தேர்ந்தெடுத்த கறுப்புத் திராட்சை. ஐரோப்பியக் கொடியை நியூஜெர்ஸியில் வளர்க்க ஆன்டிலும் ஸ்டர்லிங் பிரபுவும் மல்லுக்கட்டியதை இரண்டாம் வாரத்தில் பார்த்தோம். கான்கார்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. அது அமெரிக்க மண்ணின் லாப்ரஸ்கா இனத்திலிருந்து வந்தது. நம் கடைகளில் கறுப்பாக, தோல் தனியே கழன்று வரும் பெங்களூர் புளூ திராட்சையை வாயில் போட்டவர்களுக்கு அந்த வாசனை தெரியும். வெளிநாட்டில் இசபெல்லா என்று அறியப்படும் அதுவும் லாப்ரஸ்கா உறவுதான். இந்த வாசனை ஒயினில் உறுத்தும், சர்க்கரையும் போதாது. ஆனால் கொதிக்கவைத்தாலும் மணம் போகாது, நிறம் மங்காது. ஒயினுக்குச் சுமாரான பழம் சாற்றுக்கு ராஜா.

சபைகள் வாங்கினவா? பெரும்பாலும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தைப் பல் மருத்துவர் ஒருவர் மாற்றுவதா என்று ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் வெல்ச் தோற்றுப்போய்ப் பல் வைத்தியத்துக்கே திரும்பினார். 1875 வாக்கில் வியாபாரத்தைத் தூசு தட்டியவர் மகன் சார்லஸ். அவரும் பல் மருத்துவர்தான், ஆனால் அப்பாவிடம் இல்லாத விளம்பர மூளை அவரிடம் இருந்தது. 1890இல் 'புளிக்காத ஒயின்' என்ற பெயரைத் தூக்கிவிட்டு 'திராட்சைச் சாறு' என்று மாற்றினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கூட்டத்துக்கு ருசி காட்டினார். கோயில் பண்டம் குடும்பப் பானமாகிவிட்டது.

இதற்குள் தெற்கு ஜெர்ஸியில் வேறொரு சாவு விழுந்துகொண்டிருந்தது. கருப்பு அழுகல் நோய். கோடையின் ஈர வெக்கையில் பச்சைக் காய்களில் புள்ளி விழும்; சில நாளில் கொத்து முழுவதும் கறுத்துச் சுருங்கி உலர்ந்துபோகும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அமெரிக்க வேளாண் துறை சோதித்துப்பார்த்த தோட்டங்களில் வைன்லாண்டைச் சேர்ந்த கர்னல் பியர்சனின் தோட்டமும் ஒன்று. நம் விவசாயிகள் இன்றும் கொடிக்கால்களில் அடிக்கும் அதே மருந்து. பலன் கிடைத்தது, பல தோட்டங்களுக்கு அது வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. சார்லஸ் வெல்ச் பழத்தைத் தேடி வடக்கே போய், 1897இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில், ஈரி ஏரிக் கரையோரத் திராட்சைப் பகுதியில் ஆலை போட்டார். வைன்லாண்டில் பிறந்த தொழில் வைன்லாண்டை விட்டுப் போனது. நியூஜெர்ஸி இழந்தவற்றில் இதை நான் மிகப் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

அதன்பிறகு சாறு அரசாங்கத்துக்குள்ளேயே நுழைந்தது. 1913இல் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பிரிட்டிஷ் தூதருக்குக் கொடுத்த விருந்தில் ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாற்றைப் பரிமாறினார். பத்திரிகைகள் சிரித்தன. 1914இல் கடற்படை அமைச்சர் ஜோசபஸ் டேனியல்ஸ் போர்க்கப்பல்களில் மதுவுக்குத் தடை போட்டார். சிரிப்பு நின்றது. 1920இல் நாடு தழுவிய சட்டம் வந்தபோது திருவிருந்து ஒயினுக்கு விலக்கு இருந்தது. ஆனால் மெத்தடிஸ்டுகளுக்கும் பாப்டிஸ்டுகளுக்கும் அந்த விலக்கு பெரிதாகத் தேவைப்படவில்லை. அவர்கள் கோப்பையில் ஏற்கனவே சாறு வந்துவிட்டது. கானாவூர்க் கேள்வியைக் கேட்டு அவர்களை மடக்க இனி யாராலும் முடியாது. மதுவிலக்குக்காரர்களின் கையைக் கட்டியிருந்த கடைசி முடிச்சை அவிழ்த்தது 1869இல் எரிந்த அந்த அடுப்புதான்.

வெல்ச் நல்லவர், தான் நம்பியதை நேர்மையாகச் செய்தவர். ஒருவனுடைய வீட்டுக் கதவைத் தட்டிப் பீப்பாயை உடைக்கச் சொல்லவில்லை. உனக்கு வேறொரு கோப்பை தருகிறேன், விருப்பமிருந்தால் எடுத்துக்கொள் என்றார். லாண்டிஸும் அவருக்குப் பின்னால் வந்த சட்டக்காரர்களும் அந்த 'விருப்பமிருந்தால்' என்பதை அழித்தார்கள். வேறொன்றைக் கையில் கொடுத்து மனிதனை மாற்றுவது ஒன்று, கதவைச் சாத்தி மாற்றுவது இன்னொன்று. நியூஜெர்ஸி மக்களுக்கு இந்த வேறுபாடு புரிந்திருந்தது. அதனால்தான் பதினெட்டாவது திருத்தத்துக்கு அவர்கள் மாநிலம் ஒப்புதல் தந்தது 1922இல், சட்டம் அமலுக்கு வந்து இரண்டு ஆண்டு கழித்து. அதற்குப் பின் எந்த மாநிலமும் ஒப்புதல் தரவில்லை.

டி அகஸ்டினோ இந்த மனநிலையை நன்றாகப் படித்தவர். சட்டத்தை மீறாமலே 22 சதவீத ஆல்கஹாலை மருந்துக்கடை அலமாரியில் ஏற்றிவைத்தார். அந்த ரெனோ டானிக்கின் கதையும், மதுவிலக்கு முடிந்த பிறகும் பத்து லட்சம் பேருக்கு ஒரே ஓர் ஒயின் ஆலைதான் என்று 1981 வரை நியூஜெர்ஸியின் கழுத்தை நெரித்த சட்டத்தின் கதையும் அடுத்த வாரம்.

(தொடரும்)