பாலித்தீன் குடில்

வளைத்த இரும்புக் குழாய்களின் மேல் ஒளி புகும் பாலித்தீன் தாளைப் போர்த்தி, உள்ளே காய்கறி வளர்க்கும் அமைப்பு பாலித்தீன் குடில். கூண்டு வண்டியின் கூண்டைக் கழற்றித் தரையில் இறக்கி வைத்ததுபோல் இருக்கும். பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் வீட்டுக் கொல்லையில் போடுபவர்கள் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் என்ற அளவையொட்டிப் போடுகிறார்கள்.

வரலாறு

பருவம் தவறிய காய்க்கு ஆசைப்பட்டவர்களில் முதலில் பெயர் தெரிபவர், கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட ரோமப் பேரரசர் டைபீரியஸ். வெள்ளரி வகைக் காய் ஒன்று அவருடைய உணவில் நாள்தோறும் இருந்ததாக ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். தோட்டக்காரர்கள் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடியை வளர்த்து, வெயில் அடிக்கும்போது வெளியே உருட்டினார்கள். குளிர் நாட்களில் பளிங்குபோல் ஒளி புகும் கல்தகடுகளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள். அந்தத் தகடு ஒருவகை ஜிப்சம். ஸ்பெயினின் செகோப்ரிகா பகுதிச் சுரங்கங்களில் வெட்டியெடுத்து, ஏடு ஏடாகப் பிளந்து பயன்படுத்தினார்கள். பேரரசருக்குத்தான் கட்டுபடியான செலவு அது.

கொரியாவில் 1450களில் அரசவை மருத்துவர் ஒருவர் தொகுத்த ‘சாங்காயோரோக்’ என்னும் நூல் குளிர்காலக் காய்கறிக் கூடம் கட்டும் முறையைச் சொல்கிறது. மூன்று பக்கம் மண்சுவர், தெற்கே எண்ணெய் தடவிய காகிதச் சாளரம், தரைக்கடியில் அடுப்பு வெப்பம் ஓடும் வழி. கண்ணாடி இல்லாமலேயே அங்கே வேலை முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள், புளிக்கும் குதிரைச் சாணத்தின் சூட்டில் பாத்தி அமைத்து, செடிக்கு மேல் மணி வடிவக் கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்தார்கள். பிரிட்டனில் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் இருந்த வரி 1845இல் நீங்கியது. அதன்பின் கண்ணாடி வீடு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டத் தொடங்கியது.

பாலித்தீன் 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் எதிர்பாராமல் கிடைத்தது. எத்திலீன் வாயுவை உயர் அழுத்தத்தில் வைத்து வேறொன்றைத் தேடிய எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் கலத்தைத் திறந்தபோது மெழுகுபோன்ற வெள்ளைப் பொருளைக் கண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது ராடார் கம்பிகளுக்கு உறையானது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமெரி எம்மெர்ட், கண்ணாடி வாங்கப் பணம் போதாததால், 1948இல் மரச்சட்டத்தில் செல்லோபேன் தாளை ஒட்டிப் பசுமைக்குடில் அமைத்தார். பிறகு பாலித்தீனுக்கு மாறினார். இன்றைய குடில்களின் தந்தை அவரே. அரசர் வீட்டுக் காய் எளியவரின் கொல்லைக்கு இறங்கியது அவருடைய பணமுடையால்தான்.

செயல்படும் விதம்

குடில் சூடாவது வெப்பக்கதிரைச் சிறைப்பிடிப்பதால் அல்ல. சூடான காற்றை வெளியே போகவிடாததால். 1909இல் இயற்பியலாளர் ராபர்ட் வுட் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், வெப்பக்கதிரைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டால் இன்னொன்றையும் மூடி வெயிலில் வைத்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடேறின. பாலித்தீனும் வெப்பக்கதிரைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. அதனால் மேகமற்ற இரவில் குடிலுக்குள் வெளியே உள்ள அளவுக்கே குளிர்ந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். உறைபனி எதிர்பார்க்கும் இரவில் நாற்றுகளுக்கு மேல் இன்னொரு மெல்லிய துணி போர்த்தியே ஆக வேண்டும்.

அமைப்பும் பயிரும்

வளைவுகளின் இருபுறமும் வாய்க்கால் தோண்டி, தாளின் ஓரங்களை அதில் இறக்கி, மண் தள்ளி மிதிப்பார்கள். காற்றில்லாத, வெயில் காயும் நாளே இதற்கு ஏற்றது. சூட்டில் தாள் நெகிழ்ந்து கொடுக்கும். அப்போது இழுத்துப் புதைத்தால், குளிர்ந்தபின் பறைத்தோல்போல் விறைத்து நிற்கும். தொளதொளவென்று விட்டால் முதல் புயலிலேயே படபடத்துக் கிழியும்.

தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவை கோடைப் பயிர்கள். சாலட் கீரைகள் குளிர்காலத்துக்கு. தக்காளிக்குக் குடில் செய்யும் பேருதவி, மழை இலையில் படாமல் காப்பது. இலை நனையாவிட்டால் கருகல் நோய் எளிதில் தொற்றாது. பூக்கும் நாட்களில் நடுப்பகலில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். ஆனால் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டிவிடும். ஆகவே காலையில் இரு முனைக் கதவுகளையும் திறப்பதும் மாலையில் மூடுவதும் உரம் போடுவதைவிட முக்கியமான வேலை. வெள்ளை ஈ வந்தால் அதை அழிக்கும் என்கார்சியா என்ற நுண்குளவியை விடுகிறார்கள். மழை கழுவாததால் மண்ணில் உப்பு சேரும். ஆண்டுக்கொருமுறை தாராளமாக நீர் பாய்ச்சிக் கரைக்க வேண்டும்.

இன்றைய நிலை

ஸ்பெயினின் அல்மேரியாவில் சுமார் 30,000 ஹெக்டேர் நெகிழிக்கூரையின் கீழ் இருக்கிறது. இலங்கையில் நுவரெலியா மலைப்பகுதியில் குடைமிளகாய் இவ்வாறு விளைகிறது. தாள் சில ஆண்டுகளே உழைக்கும். கழற்றிய தாளைக் கொல்லையில் எரிக்காதீர்கள். கழுவி, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுங்கள்.